பாதிச் சோறு புறாவுக்கு

“உக்காருங்க சார். பயப்படற மாதிரி ஒண்ணுமில்ல,” என்றார் வகுப்பு டீச்சர்.

அதைக் கேட்ட பிறகுதான், மகளின் பள்ளிக்கு வந்திருந்த அவருக்குப் பயம் வந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி ஒருவழியாக உட்கார்ந்தார்.

“எட்டு வரியில ஒரு கதைப்பாட்டு எழுதச் சொன்னேன். ஆரம்பம், நடு, முடிவு எல்லாம் அதுக்குள்ள வந்துடணும். ஒருத்தன் எட்டு வரியில பதினாலு பேரைக் கொன்னுட்டான். உங்க பொண்ணு எழுதினதுக்குத்தான் முதல் பரிசு. வெள்ளிக்கிழமை ஆண்டு விழாவுல அவளே மேடையில பாடப் போறா.”

தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

*எட்டு மணிக்குப் புறப்பாடு, எப்போதும் போல் கையசைப்பு;*
*கட்டி எடுத்த சாப்பாடு, கதவருகே ஒரு சிரிப்பு.*
*ரயிலடியில் ஒரு பெஞ்சு, ரயிலில் ஏற மனசில்லை;*
*வெயில் நகர நகர்ந்தமர வேறு வேலை எதுவுமில்லை.*
*பாதிச் சோறு புறாவுக்கு, மீதிச் சோறு பைக்குள்ளே;*
*சேதி கேட்டால் சொல்வதற்குப் பொய்யிருக்கும் கைக்குள்ளே.*
*வேலை ரொம்ப, அலுப்பு என்றால் வீட்டில் யாருக்கும் தெரியாது;*
*வேலை இல்லா வேலைக்கு விடுமுறையே கிடையாது.*

படித்து முடித்ததும் தாளைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டார்.

அச்சகத்தில் ப்ரூஃப் பார்க்கும் வேலை போய் மூன்று மாதமாகிறது. வீட்டில் சொல்லவில்லை; கைமாற்று வாங்கிச் சம்பளம் என்று கொடுத்துவந்தார். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு, அதுவே பழகிவிட்டது. எட்டு மணிக்கு அவர், மனைவி, மகள் மூவரும் ஆளுக்கொரு டப்பாவோடு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவார்கள். அவர் நேராக நூலகத்துக்குப் போய் மூலை மேசையில் உட்காருவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, வேலை ரொம்ப என்பார். அதே வார்த்தை.

“யாருன்னே இதுல இல்லையே டீச்சர்?”

“அதானே சார் அழகு! யாரு, ஏன், ஒண்ணும் சொல்லல. ஆனா முழுக்கதையும் இருக்கு. யாரும்மா இதுன்னு கேட்டேன், வாயே திறக்கல. அதான் உங்களைக் கூப்பிட்டேன். வீட்ல எல்லாம் சரிதானே?”

“எல்லாம் சரிதான்,” என்றார், கொஞ்சம் வேகமாகவே.

மறுபடியும் படித்தார். இருபது வருடப் பழக்கம். தப்பு இருக்கிற இடத்தில் கண் தானாக நின்றுவிடும். இப்போதும் நின்றது. ரயிலடியா? அந்தப் பக்கம் போய் வருஷமாகிறதே. புறாவா? அவர் டப்பாவில் ஒரு பருக்கை மிஞ்சியதில்லை. மகள் தன்னைப் பார்த்திருந்தால் இத்தனை தப்பு வராது. பார்க்காமலே எழுதியிருந்தால் அந்தக் கடைசி இரண்டு வரி வராது. எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் பிடிபடவில்லை.

“ரயிலடின்னு இருக்கே, லைப்ரரின்னு போட்டா?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“வெயிலுக்கு எதுகை போயிடுமே சார்!” டீச்சர் சிரித்தார். “விழாவுக்கு ரெண்டு பேரும் வந்துடுங்க. அம்மாவுக்கு முன்வரிசையில இடம் போட்டிருக்கேன்.”

முன்வரிசையில் மனைவி. மருந்துக் கம்பெனியில் நாளெல்லாம் டெலிபோனில் பேசிவிட்டு, முகம் கறுத்து வந்து, “அந்த ஏசி எனக்கு ஒத்துக்கவே மாட்டேங்குது” என்று சுருண்டு படுப்பவள். இப்போது அவள் வேலையை நம்பித்தான் வீடே இருக்கிறது. அது அவளுக்கே தெரியாது. மேடையில் மகள் கடைசி வரியைப் பாடும்போது, முன்வரிசையில் அவள் தலை மெல்லத் தன் பக்கம் திரும்புவதை அவர் இப்போதே பார்த்துவிட்டார்.

வராந்தாவில் மகள் காத்திருந்தாள். இருவரும் வாசல்வரை நடந்தார்கள். மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள்.

“கோவமாப்பா?”

“இல்லடா. நல்லா எழுதியிருக்க. ஆனா மேடையில பாட வேண்டாமே. அம்மா வருவா.”

“அம்மா கேக்கணும்னுதான்பா எழுதினேன். நேர்ல பேச ஆரம்பிச்சா அழுதுடுவேன். பாட்டுன்னா எட்டு வரியில முடிஞ்சுடும்ல?”

இவள் தன்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறாளா, காப்பாற்றப் போகிறாளா? அவருக்கு எதுவும் விளங்கவில்லை. ஆனால் இனி ஒளிக்க முடியாது என்பது மட்டும் விளங்கியது.

“நீ பாட வேண்டாம். இன்னைக்கே நான் அம்மாகிட்ட பேசிடறேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.” நான்கு எட்டு நடந்தார். மனசு கேட்கவில்லை. “அது சரி, ரயிலடின்னு உனக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலப்பா. ஸ்கூல் வேன் ரயில்வே கேட்ல நிக்கும்ல, ஜன்னல் வழியா அந்த பெஞ்சு நேராத் தெரியும். போறப்பயும் பாப்பேன், வர்றப்பயும் பாப்பேன். சுத்தி ஒரே புறாவா இருக்கும்.”

“நீ வேற யாரையோ பாத்திருக்கடா,” என்றார். வேலை போன பிறகும் தப்பைத் திருத்தாமல் அவரால் இருக்க முடியவில்லை. “வேலை போனதுலேர்ந்து, மூணு மாசமா நான் லைப்ரரிலதான் இருக்கேன். ரயிலடிப் பக்கம் போனதே இல்ல.”

மகள் நின்றுவிட்டாள்.

“அந்த பெஞ்சுல இருக்கறது அம்மாப்பா,” என்றாள். “நீங்களுமா?”