இருபதுக்கு ஒருவர்

"இருபது குழந்தைக்கு ஒரே ஆளா?"

காப்பகத்தின் வருகைப் பதிவேட்டில் வால் நீண்ட கையெழுத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்த பெரியவர், பேத்தியை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை.

காப்பக அக்காவுக்குக் கையும் ஓடியது, காலும் ஓடியது. கையில் பால் புட்டி, காலால் தொட்டிலாட்டம்.

"மானியம் ஒருத்தர் சம்பளத்துக்குத்தான் வருது சார். இன்னொரு ஆள் கேட்டு மூணு தடவை எழுதிட்டோம்."

பெரியவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நாலு குழந்தை சேர்ந்து அழுதா யாரைத் தூக்குவீங்க? ஒரு ஆள் போதும்னு எந்த மடையன் சொன்னான்?"

அக்கா சுவரை ஏறிட்டாள். 'இருபது குழந்தைகளுக்கு ஒருவர் போதுமானது' என்ற பழைய அரசாணை அங்கே தொங்கியது. அதன் அடியில் இருந்த கையெழுத்துக்கும் அதே நீண்ட வால்.

பதிவேட்டை மெல்ல அவர் பக்கம் திருப்பினாள்.

"பேரு தெரியலை சார். ஆனா இப்பத்தான் இதுல கையெழுத்துப் போட்டாரு."