பதினெட்டு அங்குல அதிசயம்

"அலமாக்! எவ்வளவு பெரிய திரை!"

மலேசியாவின் பத்து பகாட் நகரிலுள்ள வீட்டில், பழைய டெஸ்க்டாப்புக்குப் பக்கத்தில் புது லேப்டாப்பைத் திறந்துவைத்த பரமேஸ்வரன் வாய் பிளந்தார். பாட்டுப் போட்டார். தவில் அடி நெஞ்சுக்குள்ளேயே விழுந்தது.

"பழசு செஞ்ச வேலையெல்லாம் இது செய்யுமா?" என்றார் மனைவி அன்னலட்சுமி.

"அதுக்கு மேலயே செய்யும் லா. முதல்ல கேமராவைப் பார்ப்போம்."

பழையதில் கேமரா கெட்டுப் பல மாதங்கள் ஆகிவிட்டன. போன் கேமராவில் மங்கலாகத் தெரியும் முகங்களை மெல்பர்னில் இருக்கும் பேரன் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

மகள் சிந்துஜாவை அழைத்தார். திரை நிறைய மகளும் பேரனும்.

"அப்பா! உங்க மீசை நரை கூட தெரியுது!"

பேரன் தாத்தாவைப் பார்த்துக் கை நீட்டிச் சிரித்தான். பரமேஸ்வரனுக்குக் கண் கலங்கியது. "பழசைத் தூக்கிப் போட்டுடலாம்."

"இருங்க, புதுச் சாமானுக்கு முதல்ல பொட்டு வைக்கணும்." சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்த அன்னலட்சுமி, திரையின் மேல்விளிம்பில் சரியாக நடுவில் பக்தியோடு வைத்தார்.

"அப்பா! ஒன்னுமே தெரியல. பழசு மாதிரியே சிவப்பா இருட்டிடுச்சு!"

பரமேஸ்வரன் மெல்லத் திரும்பினார். பழைய டெஸ்க்டாப்பின் உச்சியில் இருந்த கேமராவில், போன ஆயுத பூஜையின் பொட்டு அப்படியே காய்ந்திருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் சிந்துஜா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா, நீங்க பொட்டு வச்சது அதோட நெத்தியில இல்லம்மா... கண்ணுல!"