ஆறு மணிக்குள்

நான் படியிறங்கி வருவதைப் பார்த்ததும் ஆட்டக்காரர்களின் பெஞ்சில் பேச்சு நின்றுவிட்டது.

ஜூலை மாதத்தின் கடைசி நாள். பேஸ்பாலில் ஓர் அணி தன் ஆளை இன்னோர் அணிக்குக் கைமாற்றுவதென்றால் அன்று மாலை ஆறு மணிக்குள் முடித்தாக வேண்டும். தவறினால் இந்த வருடம் அவ்வளவுதான். அன்றைக்கு ஆட்டம் நடக்கும்போது அலுவலகத்திலிருந்து ஒருவர் கீழே வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கள் அணியில் ஏழு வருடமாக அந்த ஒருவர் நான்.

பையன்கள் எனக்குத் தபால்காரர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அணியைப் புதிதாகக் கட்டுகிறோம் என்று ஊரெல்லாம் விளம்பரம் வைத்திருந்தோம். கட்டுவது என்றால் வேறொன்றுமில்லை. இருக்கிற நல்ல ஆட்டக்காரர்களை ஜெயிக்கிற அணிகளுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்குப் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளை வாங்கிப் போட்டுக்கொண்டு, அவர்கள் வளரும் வரை தோற்றுக்கொண்டே இருப்பது.

அந்த வாரம் மட்டும் நான்கு பேருக்குப் பெட்டி கட்டச் சொல்லியிருந்தேன். அப்படிப்பட்டவனோடு உட்கார்ந்து சாப்பிட யாருக்கு மனம் வரும்? நான் தட்டோடு போனால் மேசை காலியாகிவிடும். வீட்டிலும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன், ஆனால் அங்கே எழுந்து போக ஆள் இல்லை.

ராய்ஸ் பென்னர் மட்டும் எழுந்திருக்க மாட்டான்.

கேட்சர், மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவன். முப்பத்தைந்து வயது. குந்திக் குந்தித் தேய்ந்துபோன முழங்கால்கள். பதினோரு வருடமும் இந்த ஒரே அணிதான். வருடம் முழுக்க ஜெயித்த அணிகள் மட்டும் அக்டோபரில் கோப்பைக்காக ஆடும். அந்த ஆட்டங்களில் அவன் ஒரு பந்துகூடப் பிடித்ததில்லை. அவனுக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான். இந்த வருடத்தோடு ஒப்பந்தமும் முடிகிறது. இனி யாரும் அவனைச் சேர்த்துக்கொள்ளப் போவதில்லை என்பது அவனுக்கும் தெரியும்.

காலையில் முட்டையைப் பிட்டுக்கொண்டே என்னிடம் சொன்னான்.

"தபால்காரரே, இன்னிக்காவது என்னை யார் தலையிலயாவது கட்டிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"இன்னும் நேரம் இருக்கு, சாப்பிடு" என்றேன்.

மூன்றேகால் மணிக்கு, ஐந்தாவது இன்னிங்ஸின்போது, என் அறையில் ஃபோன் அடித்தது. மறுமுனையில் பென்னர் என்ற பெயர் கேட்டதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். பேசி முடித்ததும் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் நான்கு மாடியும் படியிலேயே இறங்கினேன்.

பெஞ்சிலிருந்து ஆட்டத்தை நடத்தும் மேனேஜரின் காதருகே குனிந்தேன்.

"பென்னரை வெளிய எடுத்துருங்க. இப்பவே."

அவர் காரணம் கேட்கவில்லை. அன்றைக்கு என்னிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. மாற்று ஆளைப் பார்த்துத் தலையை அசைத்தார், அவ்வளவுதான்.

"டேய், கிழவனுக்கு லெட்டர் வந்துருச்சுடா!" என்று எஸ்மெர்லின் கத்தினான். டொமினிக்கன் பையன், பந்து வீசுபவன், இருபத்தொரு வயது.

ஆட்டத்தின் நடுவே போகிறவனை வரிசையில் நின்று கட்டிப்பிடித்து அனுப்புவது இங்கே வழக்கம். பெஞ்சு முழுக்க எழுந்து நின்றது. நான் கையை உயர்த்தினேன். கொஞ்சம் இருங்கள் என்று சொன்னதாகத்தான் ஞாபகம். எனக்கே அது கேட்கவில்லை.

முதுகில் தட்டினார்கள், தொப்பியைப் பிடுங்கினார்கள், தலையைக் கலைத்தார்கள். அக்டோபரில் டிவியைப் போட்டால் இவன் மூஞ்சியைத்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்று ஒருவன் அலுத்துக்கொண்டான். எஸ்மெர்லின் அழுதேவிட்டான். பென்னர் தன் மட்டைகளை அங்கேயே ஆளுக்கொன்றாகக் கொடுத்தான்.

கூட்டத்துக்கும் புரிந்துவிட்டது. முப்பதாயிரம் பேர் உட்காரும் இடத்தில் அன்று இருந்தது நாலாயிரம் பேர். அந்த நாலாயிரமும் எழுந்து நின்று கை தட்டியது. அவன் வெளியே இரண்டு அடி வைத்து, தொப்பியைக் கழற்றி, சுற்றி ஒருமுறை காட்டினான்.

நான் ஒரு சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. ஏழு வருடத்தில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை. கோழைத்தனம்தான், வேறு பெயர் எதுவும் கிடையாது. பின்பக்கம் உடைமாற்றும் அறைக்குப் போகும் வழியில் சுவரோடு ஒட்டி நின்றேன்.

கால் கவசங்களைக் கையில் பிடித்தபடி நொண்டிக்கொண்டே வந்தான். வந்த வேகத்தில் என்னையும் இறுக்கிக் கட்டிக்கொண்டான். இந்தத் தேதியில் என்னை யாரும் தொட்டதுகூட இல்லை. அந்த வியர்வையும் மண்ணும் என் சட்டையில் ஒட்டின. இன்னும் ஒரு நிமிடம் இப்படியே இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக இன்றுவரை கூசுகிறேன்.

"சொல்லுங்க, சொல்லுங்க. எந்த ஊரு?"

"ஹில்ஸ்பரோ" என்றேன்.

கன்சாஸில் கோதுமை வயல்களுக்கு நடுவே அவன் பிறந்த ஊர். அங்கே எந்த அணியும் கிடையாது.

அவன் சிரிப்பு உடனே போகவில்லை. நான் கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"அப்பாவா?"

தலையசைத்தேன். மதியம் வயலிலேயே போய்விட்டாராம். ஆட்டத்தின்போது இவன் ஃபோன் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும் என்பதால் தங்கை அலுவலகத்துக்கு அழைத்திருந்தாள்.

வெளியே கை தட்டல் இன்னும் ஓயவில்லை.

ஆறு மணி வரை என் மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். அன்று முழுவதும் பென்னரைக் கேட்டு வந்த ஃபோன் அது ஒன்றுதான்.