எலும்பு தெரியணும்

"சார், இதே மாட்டைத்தான் போன வீட்லயும் பார்த்தோம்!"

காதோடு காதாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு உதவியாளர் கத்தினார். வேலைக்குச் சேர்ந்த புதிது. நேர்மை இன்னும் கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக இருந்தது.

கால்நடை டாக்டர் நிமிரவே இல்லை. "மாடுன்னா மாடு மாதிரிதான்யா இருக்கும். போட்டோ எடு."

மழை பொய்த்து மேய்ச்சல் நிலமெல்லாம் கருகிப்போனதால் அரசாங்கம் தீவன நிவாரணம் அறிவித்திருந்தது. கூடவே ஒரு நிபந்தனை. மாடு இளைத்திருக்க வேண்டும். போட்டோவில் விலா எலும்பு தெரிய வேண்டும். தெரியாவிட்டால், 'பாதிப்பில்லை' என்று எழுதிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

"நல்லாப் பாருங்க சார். அதே ஒத்தக் கொம்பு. அங்கயும் இப்படித்தான் உங்க சட்டைக் கையை நக்குச்சு!"

"என் சட்டை அப்படி."

போன வீட்டில் எதற்கு அவ்வளவு நேரம் டீ கொடுத்து உட்கார வைத்தார்கள் என்பது உதவியாளருக்கு இப்போதுதான் விளங்கியது. தொழுவத்தின் மூலையில் தொங்கிய தார்ப்பாயைக் காட்டினார்.

"அதுக்குப் பின்னால யாரு?"

"யாருமில்லீங்களே" என்றார் அந்த வீட்டுப் பால்காரம்மா.

"ம்மா..." என்றது தார்ப்பாய்.

விலக்கிப் பார்த்தால், கொழுகொழுவென்று இரண்டு பசுக்கள் நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"இதுங்களுக்கா நிவாரணம்? யார் வீட்டு மாட்டையோ காட்டி அரசாங்கத்தையே ஏமாத்தறீங்களே, வெட்கமா இல்லை?"

பால்காரம்மாவின் முகம் சுண்டிப்போனது.

"தையல் மெஷினை வித்துத் தீவனம் வாங்கிப் போட்டேன் தம்பி. அதான் இளைக்கலை. இனிமே விக்கறதுக்கு வீட்டுல ஒண்ணுமில்லை. இந்தப் பணம் வரலைன்னா இதுங்களைத்தான் அடிமாட்டு லாரியில ஏத்தணும். பட்டினி போட்டிருந்தா உங்க சட்டத்துக்குச் சரியா இருந்திருக்கும். எனக்கு மனசு வரலை."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். உதவியாளரின் குரல் இறங்கியது. விறைப்பு மட்டும் இறங்கவில்லை.

"பாவம்தாங்க. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?"

டாக்டர் குறுக்கிட்டார். "வர வழியில நிலத்தைப் பார்த்தியா?"

"பார்த்தேன் சார்."

"புல் இருந்துச்சா?"

"மருந்துக்குக்கூட இல்லை சார்."

"அது நிஜம்தானே? இந்த விதியை மாத்துங்கன்னு மேலிடத்துல சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம். எடுய்யா போட்டோவை."

எடுத்தார். ஒத்தக் கொம்பு மாடு, பழகிப்போன தோரணையில் விலாவைத் திருப்பிக் காட்டியது.

ஜீப்பில் ஏறியும் உதவியாளருக்கு ஆறவில்லை.

"அந்தம்மாவை விடுங்க சார். பாவப்பட்டவங்க. ஆனா அந்த மாட்டை வீடு வீடா அனுப்பறானே ஒருத்தன், அவனைச் சும்மா விடக்கூடாது. எவ்வளவு கமிஷன் அடிக்கறானோ! பிடிச்சு உள்ள தள்ளணும்."

"ஆமாமா. மோசமான ஆளாத்தான் இருப்பான்" என்றார் டாக்டர், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

அவருடைய போன் அடித்தது. உதவியாளர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். டாக்டரின் மனைவி.

"ஏங்க, நம்ம ஒத்தக் கொம்பியை எப்பதான் திருப்பி அனுப்புவீங்க? என்ன போட்டாலும் உடம்புல ஒட்டாத ஜென்மம் அது. வீடு வீடா நடந்து இன்னும் இளைச்சிடப்போகுது!"

உதவியாளர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ரோட்டைப் பார்த்தார்.

உதவியாளர் செருமிக்கொண்டு போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"மேடம், இன்னும் ரெண்டு வீடு பாக்கி இருக்கு. முடிஞ்சதும் நானே ஓட்டிட்டு வந்து கட்டிடறேன்."