பவுடருக்கு அடியில்

தடுப்பூசி போட்ட மறுவாரம் சுகந்தியின் மகள் இதழினியின் கழுத்தில் தடிப்பு கண்டது. தானாக மறைந்துவிடும் என்றார் மருத்துவர். ஆனால் பள்ளியின் தானியங்கிக் கதவுக்குக் கேமராக் கண் மட்டும்தான், காது கிடையாது. தோலில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தாலும் தொற்று என்று திறக்காது. இன்னொரு லீவு போட்டால் பனியன் கம்பெனியில் சுகந்திக்கு வேலை இருக்காது. தடிப்பின் மேல் பவுடரை அப்பினாள்.

"ஆருக்கும் காட்டீராத கண்ணு."

கதவு திறந்தது. தடிப்பும் மறைந்தது.

அடுத்த மாதம் ஒரு மாலை பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. துடைத்துவிடச் சட்டையைக் கழற்றினாள். நெஞ்சு, வயிறு எல்லாம் பவுடர். ஈரத்துணி பட்ட இடமெல்லாம் கருஞ்சிவப்புப் புள்ளிகள்.

"எப்ப இருந்து கண்ணு?"

"ரொம்ப நாளாம்மா," என்றாள் இதழினி, கண் திறக்க முடியாமல். "ஆருக்கும் காட்டல. உனக்குக்கூடக் காட்டலம்மா."