நாலு மாடிப் புகார்

"கேட்டீங்களா டீச்சர் கதையை? இன்னைக்கும் பாலைப் பொங்க விட்டுட்டா என் மருமக!"

மூணாவது மாடி டியூஷன் டீச்சர் கதவைத் திறந்தபடியே உச்சுக் கொட்டினார்.

நாலாவது மாடி மாமியார் மேற்கொண்டு படியிறங்கினார். ரெண்டாவது மாடியில் கதை வளர்ந்து பால் பாத்திரம் கருகிப்போனது. முதல் மாடியில் அடுப்படியே தீப்பிடித்தது. கீழ்த்தளத்து டெய்லரம்மாவிடம் போய்ச் சேர்வதற்குள், பேரனைத் தூக்கிக்கொண்டு மாமியாரே தீயைத் தாண்டிக் குதித்திருந்தார்.

அதோடு முடியாது. டெய்லரம்மா என்ன சொன்னாள் என்பதை ஒவ்வொரு மாடியிலும் நின்று சொல்லிக்கொண்டே மேலே ஏற வேண்டும். லிஃப்ட் இதற்கெல்லாம் சரிப்படாது. பாதிக் கதையில் கதவு மூடிக்கொள்ளும்.

இதே மாமியார்தான் போன தடவை ஆஸ்பத்திரியில் வேறு மாதிரி பேசினார்.

"சர்க்கரை ஏறிக்கிட்டே போகுதும்மா. தினமும் மாடிப்படி ஏறி இறங்குங்க. இல்லேன்னா தினமும் ஊசிதான்" என்றார் டாக்டர்.

ஊசி என்றதும் மாமியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் வீம்பு போகவில்லை.

"லிஃப்ட் இருக்கிற வீட்டுல குடியிருந்துக்கிட்டு படியேற எனக்கென்ன கிறுக்கா?"

மகன் ஷூ வாங்கித் தந்தான். பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை.

அதற்கப்புறம்தான் மருமகளின் கை தடுமாற ஆரம்பித்தது. ஒரு நாள் பால். ஒரு நாள் மாமியாரின் வெள்ளைத் துணியில் சிவப்புச் சாயம். ஒரு நாள் குழாயைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கிப்போனாள்.

டீச்சருக்கே பொறுக்கவில்லை. படியில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, உனக்கே நல்லாருக்கா? வயசானவங்க மூச்சு வாங்க ஏறி இறங்குறாங்க. ஒரு பாலை ஒழுங்காக் காய்ச்சக் கூடாதா?"

மருமகள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

"இனிமே பார்த்துக்கறேன்க்கா."

மறுநாள் தலையணை உறையில் இஸ்திரிப் பெட்டி அகலத்துக்கு ஓட்டை.

அடுத்த தடவை டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அட, நல்லா இறங்கியிருக்கே! ஊசி வேண்டாம். ஆனா நிறுத்திட்டா மறுபடி ஏறிடும். அப்படி என்னதான் செஞ்சீங்க?"

"நான் எங்க செஞ்சேன்? இவளைப் பத்திச் சொல்லி முடிக்கவே பொழுது பத்தலை!"

டாக்டர் மருமகளைப் பார்த்துச் சிரித்தார். மருமகள் தரையைப் பார்த்தாள். மாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கட்டிலில் சாய்ந்துவிட்டார்.

"இன்னைக்கு உன்மேல ஒரு குத்தமும் இல்லடி. நிம்மதியாப் படுக்கறேன்."

மருமகள் நேரே அடுப்படிக்குப் போனாள்.

அலமாரியைத் திறந்தாள். அவளுடைய அம்மா கொடுத்த பீங்கான் ஜாடி. கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை விட்டாள்.

டமார்!

"ஐயோ, வேணும்னே போட்டியா?" கணவன் கிசுகிசுத்தான்.

"அத்தை படுத்துட்டாங்களே! இன்னைக்கு ஒரு மாடிகூட இறங்கலைங்க."

"குடும்பத்தையே உடைச்சுடுவா போலிருக்கே!" என்று கத்திக்கொண்டே மாமியார் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார்.

கீழே டெய்லரம்மா மிஷினை நிறுத்தினாள். அவள் கண் மாமியாரின் காலுக்குப் போனது.

"என்னம்மா, புது ஷூவெல்லாம்?"

"மெதுவாப் பேசுடி. பாவம், அவங்கம்மா கொடுத்த ஜாடியை எனக்காகப் போட்டு உடைச்சிருக்கா. நீ கொஞ்சம் சத்தமா உச்சுக் கொட்டு, மேல கேக்கணும்."