ரீ என்றால் மறுபடி

துரை நீட்டிய வெள்ளைத் தாளில் ஆண்டியப்பன் பவ்வியமாகக் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு, பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றான்.

"ரிசைன்!" என்று கத்தினார் துரை.

"ஆகட்டுங்க தொரே." குனிந்து, முதல் கையெழுத்துக்குக் கீழே இன்னொன்று போட்டான்.

விஷயம் இதுதான். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஆண்டியப்பன் கணக்கப்பிள்ளை. அடைமழையில் சிக்கித் தேயிலை மலைக்குத் தாமதமாகக் கொழுந்து பறிக்க வந்த பெண்களுக்கு அரைநாள் சம்பளத்தை வெட்டாமல் செக்ரோலில் முழுநாள் பேர் போட்டுவிட்டான். சீமையிலிருந்து புதிதாக வந்த துரைக்கு மூக்குக்கு மேல் கோபம்.

டிஸ்மிஸ் பண்ணினால் சங்கத்துக்காரர்கள் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார்கள். இவனாகவே வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் தொல்லையில்லை, பாருங்கள்!

வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். மனைவி பூரணிக்கோ நிறைமாதம். கொட்டுகிற மழையில் அவளை எங்கே கூட்டிக்கொண்டு போவது?

"தொரே, அவனுக்கு அந்தச் சொல்லு..." என்று வாயைத் திறந்தார் பெரிய கிளாக்கர் சவரிமுத்து.

"நீ பேசாதே! நான் தமில் படிச்சது. நான் சொல்றது அவனுக்கு வெளங்கும்!" துரைக்கு மூன்று மாதம் தமிழ் படித்த மிதப்பு. "ஆண்டியப்பன்! ரிசைன்!"

மூன்றாவது கையெழுத்தும் விழுந்தது.

"என்ன மேன் செய்றது நீ?"

"தொரை சொன்னதத்தானுங்க செய்றேன். ரீபிளாண்டுன்னா மறுபடி நடுறது. ரீவெய்யின்னா மறுபடி நிறுக்கிறது. ரீசைன்னா மறுபடி கையெழுத்துப் போடுறது. இது கூடவா தெரியாது எங்களுக்கு?"

கிளாக்கர் தலையில் அடித்துக்கொண்டார். போன மாதம் மலை வேலையை மேற்பார்க்கிற பழைய கண்டாக்கு ஐயா ரிட்டயரானபோது அட்டன் டவுன் வரை போய் மாலை வாங்கி வந்து போட்டவன் இவன்தான். அன்றைக்கு எவ்வளவு விவரமாகப் பேசினான்! இன்றைக்கு இப்படி மானத்தை வாங்குகிறானே!

துரை கத்தக் கத்த இவன் போட்டுக்கொண்டே போனான். தாள் இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது. ஆண்டியப்பன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"எடம் பத்தலைங்க தொரே. இன்னொரு தாளு குடுங்க."

துரை தாளைப் பார்த்தார், இவனைப் பார்த்தார். உதடு துடித்தது. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. கோபமாவது, மண்ணாங்கட்டியாவது!

"ஓ! ரீ... சைன்! இது நான் கிளப்பில சொல்றது! போ மேன், மலைக்குப் போ! நாளைக்கும் வேலைக்கு வா!"

ஆண்டியப்பன் வீடு திரும்புவதற்குள் கதை தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பெண்கள் இவனைக் கண்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பூரணி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அவமானத்தில் அவள் முகம் சிவந்திருந்தது.

"ஏங்க, கிளாக்கரம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க! ரிசைன்னா வேலைய விட்டுப் போறதாமே! ஒத்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாம, ஊரு முன்னால கோமாளிப் பட்டம் வாங்கிட்டு வந்து நிக்கிறீங்களே, வெக்கமா இல்லையா ஒங்களுக்கு?"

ஆண்டியப்பன் அவசரமாக அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினான்.

"மெதுவாப் பேசு புள்ள! எனக்கு அர்த்தம் தெரியும்னு தொரைக்குத் தெரிஞ்சிறப் போகுது!"